கொசுறுத் துண்டும் ஞானரத்தினமும்

தப்பு வந்தால் கைதட்டிச் சிரிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமில்லை, அவளோடு ஒரே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலையும் செய்திருக்கிறேன். நாமெல்லாம் தப்பு வந்தால் முகம் சுண்டிப்போய், யார் தலையில் கட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்ப்போம். ஞானரத்தினம் நாற்காலியோடு ஒரு துள்ளு துள்ளி, "கோமதி, கிடைச்சிட்டுட்டி!" என்பாள். தொலைந்துபோன கம்மல் கிடைத்த மாதிரி இருக்கும் அவள் முகம். முதல் மாதம் எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் இருந்த ஒரே கடை எங்கள் கடைதான். மொத்த ஜவுளி வியாபாரம். சேலை, வேட்டி, கைலி, துண்டு. முதலாளி முகம்மது ஹுசைன் கடையநல்லூர்க்காரர். சவூதியில் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்த்தவர். அங்கே ஒருவன் பொத்தானைத் தட்டினால் எந்த மூலையில் எந்தச் சரக்கு கிடக்கிறது என்று திரையில் வந்து நிற்குமாம். அந்த ஆசையை மனசில் முடிந்துவைத்துக்கொண்டு ஊர் வந்தவர், கடை ஓரளவு காலூன்றியதும் மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொண்டுவந்துவிட்டார். அதற்கென்று கண்ணாடி அறை, தனி ஃபேன், மேலே போர்த்த வெல்வெட் துணி. சரக்கெடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் கோமதித்தாய். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் என்பதால் பில் அடிக்கிற வேலை எனக்கு. அந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை ஞானரத்தினத்துக்கு. ராயகிரி வேதமணி சார் மகள். கணக்கில் பட்டம், அதற்குமேல் பி.எட்., அதற்கும்மேல் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிப்பு. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தாள். நெடுநெடுவென்று இருப்பாள். யோசனை வந்துவிட்டால் ஏதாவது கீர்த்தனையை முணுமுணுப்பாள், அப்போது கூப்பிட்டால் காது கேட்காது. ஒருநாள் தோசைக்குச் சட்னி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டே முடித்துவிட்டாள். ருசி வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன். "வழுவழுன்னு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

வேதமணி சார் அவளைக் கடைக்கு அனுப்பியது அரைமனசாகத்தான். ராயகிரியில் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தில் அவரே வாத்தியார். ஆவணியில் அங்கே ஒரு கணக்கு டீச்சர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்தை மகளுக்கென்று சொல்லி வைத்திருந்தார். "அதுவரைக்கும் உன் மிஷின பாத்துக்கோ. அதுல நீ நின்னுட்டேன்னா சரி. இல்லேன்னா பேசாம பள்ளிக்கூடத்துல வந்து சேரு" என்று பேச்சு. அவரைத் தப்புச் சொல்ல முடியாது. பெண்பிள்ளை ஒரு டி.வி. பெட்டி முன்னால் உட்கார்ந்து என்ன பிழைப்பு பிழைக்கும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத்தான் தெரியும்?

ஆனால் ஞானரத்தினத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். அதை என்னிடம் நேராகவே சொன்னாள். "பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கது நல்ல வேலைதான் கோமதி. அப்பா செய்யுத வேலை. ஆனா எனக்கு இதுதான் வேணும். இத விட்டுட்டுப் போனேன்னா அங்கன நின்னு பாடம் எடுக்கது நானா இருக்க மாட்டேன்." எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

முதல் அடி இளையரசனேந்தலிலிருந்து வந்தது.

அங்கே சின்னதாக ஜவுளிக் கடை வைத்திருந்த தங்கபாய் அக்கா சரக்கெடுக்க வந்திருந்தார். சேலை, கைலி, உள்பாவாடை என்று ஒவ்வொன்றாக யாகூப் அண்ணாச்சி எடுத்துப்போட்டுச் சொல்லச் சொல்ல, நான் திரையில் அடித்துக்கொண்டே வந்தேன். யாகூப் அண்ணாச்சிதான் கடையில் மூத்த விற்பனையாளர். எல்லாம் முடிந்து எழுந்த தங்கபாய் அக்கா வழக்கப்படி வாசலில் நின்றுகொண்டு, "ஒரு துண்டு போடுங்க அண்ணாச்சி" என்றார்.

இந்தக் கொசுறு இல்லாமல் எங்கள் ஊரில் எந்த வியாபாரமும் முடிந்ததில்லை. சும்மா கொடுக்கிற துண்டுதான் என்றாலும் சரக்கில் குறைகிறதே, பில்லில் ஏறவேண்டும். ஞானரத்தினம் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கொசுறு என்று ஒன்று உண்டு என்று தெரியும். அது எப்போது கேட்கப்படும் என்று தெரியாது. அதற்கான கட்டத்தைத் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டாள். கொசுறை யாராவது முதலில் கேட்பார்களா? நான் அம்புக்குறியைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோய், கொசுறு ஒன்று என்று போட்டுவிட்டு, எண்டரைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். பில்லை அச்சடித்தேன்.

தங்கபாய் அக்கா பில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒரு துண்டு கேட்டதுக்கு உங்க கடையவே என் தலையில கட்டுதியளா?"

தொகை இரண்டு மடங்காக வந்திருந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. ஞானரத்தினம் மட்டும் ஓடிவந்து திரையைப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு நல்ல தப்பு!" என்றாள். எனக்கு அவளை நறுக்கென்று நுள்ளி வைக்கவேண்டும் போல் இருந்தது.

நடந்தது இதுதான். அவள் எழுதியிருந்தபடி, அம்புக்குறி ஒரு வரியைத் தாண்டிக் கீழே இறங்கும்போதே அந்த வரியின் தொகை மொத்தத்தில் ஏறிவிடும். நேராக மேலிருந்து கீழே போனால் ஒரு கோளாறும் கிடையாது. திரும்ப மேலே போய் மறுபடி இறங்கினால் எல்லாம் இன்னொரு தரம் ஏறும். அவள் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காக மேலிருந்து கீழே போயிருக்கிறாள். எங்கள் வியாபாரிகள் என்றைக்கு ஒழுங்காக மேலிருந்து கீழே போனார்கள்?

அன்று மத்தியானமே சரிசெய்தாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, தங்கபாய் அக்கா பெயரிலேயே ஒரு பொய்ப் பில்லை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

"அந்த அக்கா போயி எவ்வளவு நேரமாச்சு? மறுபடி எப்போ வந்து சரக்கெடுத்தாங்க?"

"இது சும்மா பாக்கதுக்கு முதலாளி. அப்புறம் அழிச்சிருவேன்."

நான் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது. "நடக்காத வியாபாரத்த நடந்ததா எழுதுதது பொய்யில்லையாம்மா? பேரு இருக்கு, தேதி இருக்கு, என் கடை பேரு மேல நிக்கி. அழிச்சிட்டா சொன்ன பொய்யி சொல்லலைன்னு ஆயிருமா? நாளைக்கு நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும். இந்த மிஷின்ல ஒரு பொய்ப் பில்லு வரக்கூடாது."

"அப்ப எப்படி முதலாளி சோதிச்சுப் பாக்கது?"

"அது எனக்குத் தெரியாது. ஆவணி பொறந்ததும் தீபாவளிக் கொள்முதல் தொடங்கிரும். அன்னைக்கு இது பில்லு போடணும். போடலைன்னா, மதுரைக்காரன் திரும்ப எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கான். ஏத்தி அனுப்பிருவேன்."

அவ்வளவுதான். மிஷின் மதுரைக்கு, ஞானரத்தினம் ராயகிரிக்கு. அதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

எனக்கு முதலாளிமேல் கோபமாக வந்தது. பொய்யே சொல்லாமல் எப்படிச் சோதிப்பது? உண்மையான ஆளுக்கு உண்மையான பில் போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றால், தப்பு வந்தால் அவர் தலையில் விழும், அவர் நம்மைச் சந்தி சிரிக்க வைப்பார். அதைவிட மோசம், புரோகிராமில் ஒரு இடத்தை அமுக்கினால் இன்னொரு இடம் வீங்கியது. பில் திரையில் ஒரு கூட்டல், சரக்கு திரும்ப வருகிற திரையில் ஒரு கூட்டல், பில்லைத் திருத்துகிற திரையில் இன்னொரு கூட்டல். ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டது. ஒன்றைத் திருத்தினால் மற்றவற்றுக்குத் தெரியாது.

ஞானரத்தினம் இரண்டு மூன்று நாள் கீர்த்தனையாகப் பாடித் தள்ளினாள். பிறகு ஒரு காலையில் தலைகூட வாராமல் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள். முதலாளி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஒண்ணு கேக்கணும். பேரு போடாம, தேதி போடாம, பில் நம்பர் போடாம, வெறும் கூட்டல் மட்டும் போட்டுப் பாத்தா அது பொய்யா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் விளையாட்டாக யோசிக்கிறவர் இல்லை. "கடை பேரு வருமா?"

"வராது."

"தாள்ல அச்சாகுமா?"

"ஆகாது. திரையிலகூட பில்லு மாதிரித் தெரியாது. இத்தனைய இத்தனையால பெருக்கினா இத்தனை. அவ்வளவுதான்."

"அப்ப வாய்ப்பாடு ஒப்பிக்க மாதிரி."

"அதேதான் முதலாளி!"

"வாய்ப்பாடு ஒப்பிக்கது எப்படிம்மா பொய்யாவும்? தாராளமா ஒப்பி."

அவள் அங்கேயே, நடுத்தெருவில், ஒரு குதி குதித்தாள். பக்கத்துக் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அவள் குதித்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டுவிட்டேன். என்ன வேலை காத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. வாய்ப்பாடு மட்டும் தனியாக ஒப்பிக்க வேண்டுமென்றால் கணக்கைத் திரைகளிலிருந்து பிய்த்து எடுக்கவேண்டும். அவள் புரோகிராம் முழுவதையும் பிரித்து மேய்ந்துவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த பில் திரைகூட ஓடவில்லை. கடையில் பழையபடி கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினோம்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? ஓடினத ஏன் ஓடாம ஆக்குத? அப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு நீயே வழி பண்ணுதியா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஓட்டல்ல சப்ளையர் என்ன செய்யணும் சொல்லு? என்ன வேணும்னு கேக்கணும், கொண்டுவந்து வைக்கணும். நம்ம புரோகிராம்ல ஒவ்வொரு சப்ளையரும் அடுப்படிக்குள்ள போயி சொந்தமா ஒரு சாம்பார் வைக்கான். ருசி எப்படி ஒண்ணா இருக்கும்? இனிமே அடுப்படி ஒண்ணு, சமையக்காரன் ஒருத்தன். திரையெல்லாம் கேக்கதும் காட்டுததும் மட்டுந்தான்."

"சரி, சாம்பாரு என்னைக்குக் கொதிக்கும்?"

"கொதிக்கும், கொதிக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது கடை அடைத்திருக்கும். அந்த அமைதிதான் எங்களுக்குச் சோதனை நேரம். மற்ற நாட்களில் காலையில் வியாபாரம் தொடங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்தோம். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு கோவில் பக்கம் நகர முடியாமல் கிடந்தது. நான் தபசு பார்க்காமல் போன ஒரே வருஷம் அதுதான். என் அம்மா அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

வியாபாரிகள் பில்லை எப்படியெல்லாம் குழப்புவார்கள் என்று ஞானரத்தினம் யாகூப் அண்ணாச்சியிடம் கேட்டாள். அவருக்கு அதைவிட என்ன வேண்டும்? டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். பாதி எழுதும்போது கைலியைத் தள்ளிவிட்டுச் சேலை கேட்பவர். எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு கலரை மாற்றுகிறவர். போய்விட்டு வருகிறேன் என்று போய், வேறு கடையில் விலை கேட்டுவிட்டு வந்து முதலிலிருந்து பேசுகிறவர். கொசுறை வாங்கிக்கொண்டு இன்னொரு கொசுறு கேட்பவர்.

"ஒண்ணுமே வாங்காம கொசுறு மட்டும் வாங்கிட்டுப் போன ஆளும் உண்டும்மா" என்றார்.

"நெசமாவா அண்ணாச்சி?" அவள் கண் விரிந்தது.

"சிவகிரிக்காரர். முதலாளி சிரிச்சிட்டுக் குடுத்துட்டாரு. என்ன செய்ய?"

ஒவ்வொரு குழப்பத்தையும் அவள் மிஷினுக்குள் சில வரிகளாக எழுதினாள். எந்தச் சரக்கு, எத்தனை, என்ன விலை. பெயர் இல்லை, தேதி இல்லை. கடைசி வரியில் சரியான விடை என்ன என்று நாங்கள் இரண்டுபேரும் கையால் போட்டுப் பார்த்து எழுதினோம். பிறகு ஒரே ஒரு கட்டளை. நான் எண்டரைத் தட்டவேண்டியதுதான், மிஷின் தானே எல்லாக் குழப்பத்தையும் வரிசையாகக் கணக்குப் பகுதிக்குக் கொடுத்து, வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டுச் சொல்லும். திரை திரையாக நாள் முழுக்க விரல் தேயத் தட்டிப் பார்த்த வேலை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதல் தடவை பாதிக்குமேல் தப்பு. ஞானரத்தினம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஒன்றும் வாங்காத சிவகிரிக்காரருக்கு வந்தபோது புரோகிராம் அப்படியே மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. அடுத்த தப்பு எது என்று நானே ஆசையாகத் தேட ஆரம்பித்தேன். பகலில் பில் எழுதும்போது யாராவது புதுமாதிரி ஏறுக்குமாறாகப் பேசினால், "அண்ணாச்சி, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டு மனசில் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அது மிஷினுக்குள் போய்விடும்.

ஆடி கழிவதற்குள் எல்லாக் குழப்பமும் நேராகிவிட்டது. சிவகிரிக்காரரும் ஒரு துண்டோடு ஒழுங்காக வெளியே போனார். அதன் பிறகு திரைகளை மேலே மாட்டினாள். கேட்பது, காட்டுவது, அவ்வளவுதான். கொசுறுக் கட்டத்தைக் கடைசியில் வைத்தாள்.

கொள்முதல் தொடங்கிய நாள் கடை நிறைந்து வழிந்தது. தென்காசி, செங்கோட்டை, மலைக்கு அந்தப்பக்கம் புனலூர் வரைக்கும் ஆட்கள். முதலாளி பிஸ்மி சொல்லி வெல்வெட் துணியை எடுத்தார். முதல் பில் சரியாக வந்தது. அடுத்ததும் சரி. வேதமணி சார் காலை பஸ்ஸிலேயே வந்து, கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டிய நாள். மகளுடைய சாமான்களை எடுத்துப்போகக் காலிப்பை ஒன்று கொண்டுவந்திருந்தார். அந்தப் பையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது டியூப்லைட் எல்லாம் பளீரென்று எரிந்தது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. வோல்டேஜ் ஏறுகிறது என்று யாகூப் அண்ணாச்சி கத்தி முடிப்பதற்குள் திரையில் எழுத்தெல்லாம் சுருங்கி ஒரு பச்சைப் புள்ளியாகி, அதுவும் போய்விட்டது. கருகிய நாற்றம் வந்தது. எதிரே புனலூர் வியாபாரி மலைபோல் சரக்கைக் குவித்துவைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

முதலாளி ஒரு நிமிஷம் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்தார். "பில் புக்க எடுங்கப்பா" என்றார். குரலில் உயிரே இல்லை. மதுரையிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்குள் கொள்முதலே முடிந்துவிடும்.

வேதமணி சார் எழுந்து உள்ளே வந்தார். மகள் தோளில் கை வைத்தார். "போதும்மா ஞானம். நீ உன்னாலானத செஞ்சிட்ட. வா, போவோம்." பாவம், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞானரத்தினம் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

"செத்தது டி.வி. மட்டுந்தான்ப்பா. கணக்கு உசுரோட இருக்கு."

என் பக்கம் திரும்பினாள். "கோமதி, பாக்காம அடிப்பியாட்டி?"

"டைப்ரைட்டர்னா என்ன அடிச்சேன்னு தாள்ல தெரியும். இங்க எதுல தெரியும்?"

"சோதனைக்கு எழுதுவோம்லா, அதே மாதிரி வரி வரியா அடி. அதே கட்டளையக் குடு. விடைய திரைக்கு அனுப்பாம பிரிண்டருக்கு அனுப்பச் சொல்லுதேன். இன்னைக்கு வாய்ப்பாடு இல்ல, நெசமான வியாபாரம். பேரும் நம்பரும் சேத்தே அடி. கணக்குக்கு ஏதாவது பிடிக்கலைன்னா பீப்னு கத்தும். கத்தினா அந்த வரிய மறுபடி அடிக்கணும்."

மிஷினை அணைத்துப் போட்டாள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியவேண்டுமென்றால் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டுமாம். பெட்டியில் விளக்கு மினுக்கி நின்றதும் எண்டர், எண்டர் என்றாள். நான் தட்டினேன். யாகூப் அண்ணாச்சி தைரியம் சொல்லுகிற குரலில் முதலில் ஒரு சின்னக் கடைக்காரரின் சரக்கைச் சொன்னார். அடித்தேன். கட்டளையைக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பிரிண்டர் கர்ரென்று இழுத்தது. அந்தச் சத்தத்துக்குக் கடையே ஓவென்று கூச்சல் போட்டது.

முதலாளி தாளைக் கிழித்துப் பார்த்தார். "என்னம்மா இது? எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதின்னு போட்டிருக்கு? அப்போ நான் சவூதிக்கே போகலையே!"

"ஐயோ, தப்பு!" ஞானரத்தினம் கைதட்டினாள். "எண்டர் தட்டச் சொன்னேன்லா, அது தேதி கேட்ட இடம்! நாம சொல்லலைன்னா அது எண்பதுலயே நிக்கும்." மறுபடி அணைத்துப் போட்டு, இந்தத் தடவை இன்றைய தேதியைச் சொல்லிச் சொல்லி அடிக்கவைத்தாள். பொய்த் தேதி போட்ட தாளை முதலாளி நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுத் தாளில் தேதி சரி, தொகை சரி.

இப்போது புனலூர்க்காரர். யாகூப் அண்ணாச்சி சொல்லச் சொல்ல, எதிரே ஒன்றுமே தெரியாத கறுப்பைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். நடுவில் ஒரு பீப். விரல் நழுவிவிட்டது. அந்த வரியை மறுபடி அடித்தேன். அவர் பாதியில் கைலியைத் தள்ளினார், சேலையைக் கூட்டினார், கலர் மாற்றினார். எங்களுக்கு இதெல்லாம் பழகிய பிள்ளைகள். கடைசி எண்டரைத் தட்ட விரலைத் தூக்கியபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு துண்டு போடணும் முதலாளி" என்றார்.

முதலாளி ஞானரத்தினத்தைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். துண்டு, ஒன்று, விலை இல்லை என்று ஒரு வரி அடித்தேன். எண்டர்.

பிரிண்டர் நெடுநேரம் இழுத்தது. நீளமான பில். வேதமணி சார்தான் அதைக் கிழித்தார். பேனாவை எடுத்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், வரிவரியாகப் போட்டுப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளின் பரீட்சைத்தாளைத் திருத்துகிற முகம். கடைசி வரிக்கு வந்து, திரும்ப முதலிலிருந்து ஒருதரம் போனார். "சரியாத்தான் இருக்கு பாய்" என்றார். அவர் சொன்னதும் புனலூர்க்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பணத்தை எடுத்தார்.

சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரைக்கும் விடாமல் பில் போட்டோம். என் மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது, ஆனால் எழுந்திருக்க மனமில்லை. வேதமணி சார் அத்தனை பில்லையும் வாங்கி வாங்கிச் சரிபார்த்தார். ஒன்றிலும் தப்புச் சிக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும், வாத்தியார் அல்லவா. கடைசி ஆள் போனதும் முதலாளி போனில் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். "மிஷின திருப்பி அனுப்பல. டி.வி. மட்டும் ஒண்ணு அனுப்புங்க. அவசரமில்ல, மெதுவா அனுப்புங்க, அது இல்லாமலே ஓடுது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஞானரத்தினம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அறைக்குள் இரண்டுபேரும் சிறுபிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

ஞானரத்தினம் பிறகு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு ஜின்னிங் மில்லுக்குப் புரோகிராம் எழுதினாள், ஒரு லாரி ஆபீசுக்கு எழுதினாள், தென்காசியில் மருந்து மொத்தக்கடைக்கு எழுதினாள். பச்சைத் திரை போய்க் கலர்த் திரை வந்தது, பெட்டி சின்னதானது. எங்கள் கடையில் திரைகளை எத்தனையோ தரம் மாற்றினாள். உள்ளே இருந்த கணக்கை மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. போகிற ஊரிலெல்லாம் முதல் நாள் எதையும் எழுதமாட்டாளாம், உங்கள் ஆட்கள் எப்படியெல்லாம் குழப்புவார்கள் என்றுதான் கேட்பாளாம். அந்தந்த ஊர்க்காரர்கள் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசட்டும். ஆனால் டி.வி. செத்த அன்று சாயங்காலம் அவளோடும் அவள் அப்பாவோடும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது நான் ஒருத்திதான்.

சிவகிரி வழியாக ராயகிரி போகிற பஸ் கிளம்ப நின்றது. வேதமணி சார் வழியெல்லாம் காலிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வருகிறாயா என்றும் கேட்கவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஞானரத்தினம் வாயைத் திறக்கப் பயந்து என் முந்தானையைத் திருகிக்கொண்டு வந்தாள். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாங்கள் கீழே ஜன்னலுக்கு நேராக நின்றோம்.

கண்டக்டர் அவருக்குத் தெரிந்த பையன். கீழே நின்ற மகளையும் பார்த்துவிட்டு, "ராயகிரிக்கு ரெண்டா சார்?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழிக்கப் போனான்.

"ஒண்ணு" என்றார் வேதமணி சார். பஸ் இரைச்சலில் எங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.

"ஒரு டிக்கெட்தான்."